எதை எடை போடுகிறோம்? ஒரு தீவின் மீன்பிடிப் போட்டி சொல்லும் பாடம்



ஆண்டு விழா நெருங்கி வருகிறது. கோலப் போட்டியில் யார் யார், கும்மிக்கு யார் யார், இந்த வருஷம் 'சிறந்த குழு' கேடயம் யாருக்கு என்று எல்லா ஊரிலும் இதே பேச்சாக இருக்கிறது. நல்லதுதான். அதனால்தான் இந்த மாதப் பாடத்துக்கும் போட்டியையே எடுத்துக்கொண்டேன். ஆனால் பாடத்துக்குப் போவதற்கு முன் போன வருஷம் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தப்பு என்னுடையது. அதனால் நானே எழுதுகிறேன்.

போன வருஷம் நடந்தது

ஒரு நாள்கூடத் தவணை தவறாத குழுவுக்குக் கேடயமும் ஒரு எவர்சில்வர் அண்டாவும் தரலாம் என்று செயற்குழுவில் யோசனை சொன்னது நான்தான். சமூகப்பணி படிக்கும்போது ஊக்கப் பரிசைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். பரிசு வைத்தால் தவணை ஒழுங்காக வரும் என்று நினைத்தேன். வரவும் செய்தது. விழாவில் ஒரு கடற்கரை ஊர்க் குழு அந்தப் பரிசை வாங்கியது. எல்லோரும் கை தட்டினோம்.

மூன்று மாதம் கழித்து அந்த ஊருக்குப் போயிருந்தேன். ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காதில் தோடு இல்லை, ஈர்க்குச்சி இருந்தது. "தங்கச்சி, தடைக்காலத்துல வீட்டுக்காரருக்குக் கடல் தொழில் இல்ல. ரெண்டு தவணை கட்ட வழியில்ல. என் ஒருத்தியால குழுவுக்குப் பேர் கெட்டுறக் கூடாதேன்னு தோட்ட அடகு வச்சேன். அதுவும் பத்தல. அஞ்சு வட்டிக்கு வெளியில வாங்கிக் கட்டினேன். இப்ப வட்டி மட்டும்தான் கட்டுறேன்" என்றார்.

கந்துவட்டியிலிருந்து தப்பிக்கத்தானே குழு ஆரம்பித்தோம்? குழுவின் பெயரைக் காப்பாற்ற ஒருவர் அதே கந்துவட்டிக்குப் போயிருக்கிறார். தீர்மானப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே 'தவணை செலுத்தப்பட்டது' என்று இருக்கிறது. எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை எங்கே என்றால், நாம் எடை போட்ட பொருளில் இருந்தது.

அந்த அக்காவின் சம்மதத்தோடுதான் பெயர் சொல்லாமல் இதை எழுதுகிறேன்.

இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு, அதிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்த ஊர் ஒன்று இருக்கிறது. அது வெகு தூரத்தில் இருக்கும் ஒரு தீவு. அங்கேயும் மீன், கடல், போட்டி, பரிசு எல்லாம் உண்டு. இனி அந்தக் கதை.

தீவும் போட்டியும்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்று ஒரு மாநிலம். அதன் கரைக்கு அப்பால் கடலில் இருக்கும் தீவுதான் மார்த்தாஸ் வின்யார்ட். பாலம் கிடையாது. கப்பலிலோ விமானத்திலோதான் போக வேண்டும். வருஷம் முழுக்க அங்கேயே வாழ்கிறவர்கள் சுமார் 20,000 பேர். கோடையில் சுற்றுலா வருகிறவர்கள் அதைப்போலப் பல மடங்கு. கோடை முடிந்தால் கடை, ஓட்டல் எல்லாம் வெறிச்சோடிவிடும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுவருஷம், 1946-ல், ஊர்க்காரர்கள் ஒரு யோசனை செய்தார்கள். இலையுதிர் காலத்தில் அந்தக் கடல் பக்கம் பெரிய மீன்கள் கூட்டமாக வரும். அந்தச் சமயம் பார்த்து ஒரு தூண்டில் போட்டி வைத்தால் வெளியூர் ஆட்கள் வருவார்கள், வியாபாரமும் நடக்கும் என்று ஆரம்பித்தார்கள். அதற்கு 'டெர்பி' என்று பெயர். அன்று தொடங்கியது இன்றும் நடக்கிறது. செப்டம்பர் பாதியில் ஆரம்பித்து அக்டோபர் பாதி வரை, 5 வாரம். சுமார் 3,000 பேர் சேருகிறார்கள்.

நம்ம கடற்கரை மாதிரி வலை போட்டுப் பிழைப்புக்குப் பிடிக்கிற மீன் இல்லை இது. ஒருவர், ஒரு தூண்டில் கோல், ஒரு மீன். தச்சர், ஆசிரியர், ஓட்டல் பணியாளர், கடைக்காரர் என்று எல்லோரும் வேலை முடிந்து ராத்திரியில் கரைக்குப் போவார்கள். விடிய விடிய அலைக்குள் நின்று தூண்டில் வீசுவார்கள். எந்த இடத்தில் மீன் கடித்தது என்று கூடப்பிறந்தவருக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்!

போட்டி எப்படி நடக்கிறது?

நம்ம குழு நடைமுறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1. சந்தா: கட்டணம் கட்டிப் பெயர் பதிய வேண்டும். அதற்கு அடையாளமாக ஒரு பேட்ஜ் கிடைக்கும். பணக்காரருக்கும் கூலி ஆளுக்கும் ஒரே பேட்ஜ்.

2. பிரிவுகள்: படகில் போய்ப் பிடிப்பவர் வேறு, கரையில் நின்று பிடிப்பவர் வேறு. படகு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே தட்டில் போட்டியிடத் தேவையில்லை. சின்னப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு.

3. எடை மேடை: எட்கர்டவுன் என்ற ஊரின் துறைமுகத்தில் எடை போடும் இடம் இருக்கிறது. காலையில் 2 மணி நேரம், ராத்திரி 2 மணி நேரம் திறந்திருக்கும். மீனை எல்லோர் கண் முன்னாலும்தான் நிறுப்பார்கள். யார் முன்னணியில் என்று பலகையில் எழுதிப் போடுவார்கள்.

4. பரிசுகள்: பெரிய பரிசு மட்டும் இல்லை. அன்றன்றைக்கு முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னச் சின்னப் பின்களும் உண்டு. கடைசி நாளில் பெரிய பரிசு தருவதற்கு ஒரு வேடிக்கையான முறை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வகை மீனிலும் முதலிடம் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு சாவி எடுப்பார்கள். யார் சாவி பூட்டைத் திறக்கிறதோ அவருக்குப் படகு போன்ற பெரிய பரிசு. மேடை வரைக்கும் உழைப்பு கொண்டுவரும், அதற்கு மேல் அதிர்ஷ்டம்.

பரிசைத் தாண்டி

எடை மேடையைச் சுற்றி ராத்திரியில் கூட்டம் நிற்கும். மீன் பிடிக்காதவர்களும் வேடிக்கை பார்க்க வருவார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பா, அம்மாக்கள் நிற்பார்கள். கோடை முழுக்க வெளியூர்க்காரர்களுக்குச் சேவை செய்து களைத்துப்போன தீவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் நின்று நலம் விசாரிக்கும் நேரம் அது. நம்ம ஊரில் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும் நிலைமையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எடை போட்ட பிறகு, விரும்பினால் மீனை அங்கேயே கொடுத்துவிடலாம். அதை முள் நீக்கித் துண்டு போட்டுத் தீவில் இருக்கும் வயதானவர்களுக்குக் கொடுக்கிறார்கள். போட்டி வருமானத்திலிருந்து தீவின் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு உதவித்தொகையும் தருகிறார்கள். வென்றது ஒருவர் என்றாலும் அதன் பயன் பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் போகிறது.

பெண்கள் எங்கே என்று கேட்கிறீர்கள், இல்லையா? நானும் அதைத்தான் முதலில் தேடினேன். ஜேனட் மெஸினியோ என்று ஒரு பெண். அந்தத் தீவில் ஓட்டலில் பரிமாறும் வேலை செய்தவர். 1970-களில் ராத்திரி நேரம் கரையில் நின்று தூண்டில் போடுவது பெரும்பாலும் ஆண்கள் வேலை. கேட்டால் லேசில் சொல்லித் தர மாட்டார்கள். அவர் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பிறகு கரைத் தூண்டில்காரர்களின் சங்கத்துக்கே தலைவராக இருந்தார். மீன்களைப் பதப்படுத்திக் காட்சிக்கு வைக்கும் கைத்தொழிலும் செய்தார். 2019-ல் தன் மீன்பிடி வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். நம்ம குழுவில் வங்கிப் படிவம் நிரப்பப் பயந்த அக்கா ஊக்குநராக ஆன கதை மாதிரிதான் இதுவும்.

தராசும் நம்பிக்கையும்

போட்டி என்றால் சந்தேகமும் கூடவே வரும். 2007-ல் இந்த டெர்பியில் ஒருவர் மிகப் பெரிய மீன் ஒன்றைக் கொண்டுவந்தார். எடை போட்ட பிறகு அறுத்துப் பார்த்தால் வயிற்றுக்குள் ஈயக் கட்டிகள்! 'எடையைக் கூட்ட ஈயத்தைத் திணித்துவிட்டான்' என்று பேச்சுக் கிளம்பியது. நம்ம ஊராக இருந்தால் அன்றைக்கே பட்டம் கட்டியிருப்போம். அங்கே கமிட்டி விசாரித்தது. தூண்டில் இரை ஆழத்துக்கு இறங்க வேண்டும் என்று இரை மீனுக்குள் ஈயத்தை வைத்துவிடும் பழக்கம் அந்தப் பக்கம் சிலருக்கு உண்டு. அறுந்துபோன அப்படிப்பட்ட இரைகளை இந்த மீன் முன்பே விழுங்கியிருக்கிறது என்று தெரிந்தது. பிடித்தவர் ஏமாற்றவில்லை என்று மீனை ஏற்றுக்கொண்டார்கள்.

உண்மையிலேயே ஏமாற்றியவர்களும் உண்டு. அது இந்தத் தீவில் இல்லை. அதே நாட்டில் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி என்ற பெரிய ஏரியில் 2022 செப்டம்பரில் நடந்த போட்டி. முதல் பரிசு 28,000 டாலருக்கு மேல். மீன் பார்வைக்குச் சின்னதாக இருக்கிறது, எடை மட்டும் கூடுதலாகக் காட்டுகிறதே என்று போட்டி நடத்துபவர் எல்லோர் முன்னாலும் அறுத்தார். உள்ளே ஈயக் குண்டுகள், வேறு மீனின் சதைத் துண்டுகள். இரண்டு பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2023-ல் 10 நாள் சிறைத்தண்டனை கிடைத்தது. மீன்பிடி உரிமமும் படகும் போனது.

இரண்டு மீன் வயிற்றிலும் ஈயம்தான் இருந்தது. ஒன்று திருட்டு, இன்னொன்று இல்லை. விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லியிருந்தால் ஒரு குற்றமில்லாதவர் தலைகுனிந்திருப்பார். விசாரிக்காமல் விட்டிருந்தால் இரண்டு திருடர்கள் பரிசு வாங்கியிருப்பார்கள். நம்ம குழுக் கணக்கில் வித்தியாசம் வரும்போதும் முதலில் புத்தகத்தை எல்லோர் முன்னாலும் திறக்க வேண்டும். பேச்சு அதற்குப் பிறகுதான்.

பெரிய மீன் யார்?

இனிதான் பாடத்தின் முக்கியப் பகுதி.

டெர்பியின் ராஜா 'ஸ்ட்ரைப்டு பாஸ்' என்ற மீன். பார்வைக்கு நம்ம கொடுவா மாதிரி இருக்கும். வெள்ளி நிற உடம்பில் நீளவாக்கில் கறுப்புக் கோடுகள். அதனால் கோட்டு மீன் என்று சொல்லிக்கொள்வோம். இது கடலில் வாழும், முட்டை இட ஆற்றுத் தண்ணீருக்கு வரும். நன்றாக வளர்ந்தால் 20 கிலோவுக்கும் மேல் இருக்கும். 2011-ல் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று சுமார் 37 கிலோ. உலக சாதனை அதுதான்.

இந்த மீனில் மிகப் பெரியதாக வளர்வது பெண் மீன்தான். 6 வயதுப் பெண் மீன் ஏறக்குறைய 5 லட்சம் முட்டை இடும். 15 வயது மீன் 30 லட்சம் வரை இடும். இப்போது யோசித்துப் பாருங்கள். 'யார் மிகப் பெரிய மீனைக் கொண்டுவருகிறாரோ அவருக்குப் பரிசு' என்றால் என்ன அர்த்தம்? அதிகம் பெறும் தாய்களைத் தேடிப் பிடித்து வாருங்கள் என்றுதான் அர்த்தம்! யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் தராசு கேட்டது அதைத்தான்.

தூண்டில் போட்டியால் மட்டுமே அந்த மீன் குறையவில்லை. கரை நெடுக வணிகத்துக்குப் பிடித்தார்கள், முட்டையிடும் ஆறுகளும் கெட்டுப்போயின. 1970-களின் கடைசியிலிருந்து வேகமாகக் குறைந்தது. 1984-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் கோட்டு மீனைக் காப்பாற்ற ஒரு சட்டம் போட்டது. மேரிலாண்ட் என்ற மாநிலம் 1985-ல் அதைப் பிடிக்கவே கூடாது என்று தடை விதித்தது.

டெர்பி கமிட்டி என்ன செய்தது? 1985-ல் கோட்டு மீனைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டது. போட்டியின் பெயரிலேயே அந்த மீன் இருக்கிறது. ஆட்கள் வருவதே அதற்காகத்தான். பட்டாசு இல்லாத தீபாவளி மாதிரி! ஆனாலும் எடுத்தார்கள். மற்ற மீன்களை வைத்து 8 வருஷம் போட்டி நடத்தினார்கள். 1993-ல்தான் கோட்டு மீன் திரும்பி வந்தது. 1995-ல் அந்த மீன் இனம் மீண்டுவிட்டது என்று அரசுத் தரப்பில் அறிவித்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2019-ல் வெளியான மதிப்பீட்டில் கோட்டு மீன் மறுபடி குறைந்துவிட்டது என்று தெரிந்தது. 2020-ல் புது விதி வந்தது. 28 அங்குலத்திலிருந்து 35 அங்குலத்துக்குள் இருக்கும் மீனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் பெரியதைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்றது அப்போதைய விதி. அந்த வருஷம் டெர்பிக்கு 75-வது ஆண்டு. பவள விழா வருஷத்தில் யாராவது ராஜாவை இறக்குவார்களா? இறக்கினார்கள். கோட்டு மீனை மறுபடி போட்டியிலிருந்து நீக்கினார்கள்.

மீனைக் கொல்லாமல் போட்டி வைக்கும் சங்கங்களும் உலகத்தில் நிறைய இருக்கின்றன. தராசுக்குப் பதில் அளவுகோல். மீனின் நீளத்தை அளந்து, படம் எடுத்து, உடனே தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். போட்டியும் நடக்கும், மீனும் பிழைக்கும்.

நமக்கு என்ன?

இந்தக் கதையைப் போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் சொன்னேன். கருவாடு விற்கும் ஒரு அம்மா கேட்டார்: "ஏம்மா, நம்ம கடல்லயும் சினை மீனுக்காகத்தானே தடைக்காலம் விடுறாங்க? அப்ப தடைக்காலத்துல கூலி இல்லாத பொம்பளைக்கு நாம ஏன் தடைக்காலம் விடல?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. நம்ம கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் பெருகத்தான் அந்தத் தடை. அந்த 61 நாளிலும் நம்ம தவணைத் தேதி மட்டும் நிற்கவில்லை. அதோடு, தவறாமல் கட்டினால்தான் பரிசு என்றும் சொல்லியிருந்தோம்.

குழுவின் முதல் பணமா? அதைவிடப் பெரிய முதல் ஒன்று இருக்கிறது. கஷ்டம் வந்தால் குழுவில் வாய்விட்டுச் சொல்லலாம் என்ற நம்பிக்கை. அதுதான் நம்ம தாய் மீன். 'ஒரு தவணைகூடத் தவறாத குழு' என்று எடை போட்டபோது நாம் அந்தத் தாய் மீனைத்தான் பிடித்துத் தராசில் வைத்தோம். அந்த அக்கா வாயை மூடிக்கொண்டார். தவணை வந்தது, நம்பிக்கை போனது.

இதற்காகத் தவணை கட்ட வேண்டாம் என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. கட்ட முடிந்தும் கட்டாமல் இருப்பது மற்ற உறுப்பினர் பணத்தை எடுத்துக்கொள்வது போலத்தான். முடியாத மாதத்தை முன்கூட்டியே சொல்ல வழி வைக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

செயற்குழுவில் பேசி, ஆண்டு விழாவுக்கு இந்த மாற்றங்களை முன்வைத்திருக்கிறோம். உங்கள் குழுவில் படித்துப் பேசி முடிவைத் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள்.

- தவணை தவறாத குழு என்ற பரிசு இந்த வருஷம் கிடையாது. கேடயம் அலமாரியிலேயே இருக்கட்டும்.
- தடைக்காலம், விதைப்புக்கு முந்தின மாதம், பிரசவம், ஆஸ்பத்திரிச் செலவு போன்ற காலங்களில் வட்டி மட்டும் கட்டி அசலைத் தள்ளிவைக்கக் குழுவே முன்கூட்டித் தீர்மானம் போடலாம். தீர்மானப்படி கட்டினால் அது காலத்தில் கட்டியதாகவே கணக்கு.
- வெளிக்கடனில் மாட்டிய உறுப்பினரை உள்கடன் கொடுத்து மீட்ட குழுவை மேடையில் பாராட்டுவோம். உறுப்பினர் பெயரைச் சொல்ல மாட்டோம்.
- கணக்குப் புத்தகத்தை எல்லா உறுப்பினர் முன்னாலும் வாசித்துக் காட்டும் குழுவுக்கு மதிப்பெண் உண்டு. அதுதான் நம்ம எடை மேடை.
- புதுக் குழுவையும் பத்து வருஷக் குழுவையும் ஒரே பிரிவில் போட மாட்டோம். படகு வேறு, கரை வேறு.
- விழாவில் மிச்சமாகும் தொகை, தனியாக இருக்கும் முதிய உறுப்பினர்களுக்கு.

அந்த அக்காவின் கதையும் பாக்கி இருக்கிறது. குழுவில் விஷயத்தைச் சொல்லலாமா என்று கேட்டேன். இரண்டு வாரம் யோசித்து, அவரே கூட்டத்தில் எழுந்து சொன்னார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் குழுத் தலைவி எழுந்து, "அண்டா எங்க வீட்லதான் இருக்கு. அதப் பார்க்கும்போதெல்லாம் இனி எனக்கு உன் காதுதான் ஞாபகம் வரும். ஏன்டி எங்ககிட்ட சொல்லல?" என்று அழுதுவிட்டார். அன்றே உள்கடன் கொடுத்து வட்டிக்காரர் கணக்கை முடித்தார்கள். தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. மீட்க இன்னும் சில மாதம் ஆகும்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம்ம குழுவில் எதற்காகப் பாராட்டுகிறோம்? அந்தப் பாராட்டுக்காக யாராவது வெளியில் சொல்லாமல் கஷ்டப்படுகிறார்களா?
2. நம்ம ஊரில் வருமானம் இல்லாத மாதங்கள் எவை? தவணைத் தேதி அதற்கு ஏற்றபடி இருக்கிறதா?
3. கணக்கில் சந்தேகம் வந்தால் முதலில் என்ன செய்கிறோம்? புத்தகத்தைத் திறக்கிறோமா, ஆளைப் பேசுகிறோமா?
4. நம்ம குழுவின் தாய் மீன் எது?

நாலாவது கேள்விக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு வரியாவது எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம். ஆண்டு விழாவில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர்